கம்ப்யூட்டர் 'முடியாது' என்றால் யாரைக் கேட்பது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பு பெற்று, இமெயில் முகவரி ஒன்றையும் உருவாக்கிவிட்டீர்களா? அப்படியானால் இன்பாக்ஸ் பக்கத்திலேயே ஸ்பாம் என்று இன்னொரு போல்டர் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நீங்கள் எதுவும் சொல்லாமலேயே சில மெயில்கள் அங்கே போய்ச் சேர்கின்றன. அவற்றைப் பிரித்துப் போடுவது ஆள் இல்லை, ஒரு புரோகிராம். மெயிலில் உள்ள சொற்கள், அனுப்பியவரின் முகவரி, அதே மெயில் எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்பன போன்ற பலவற்றைப் பார்த்து அது ஒரு மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் ஓர் அளவைத் தாண்டினால் மெயில் ஸ்பாம் போல்டருக்குப் போகிறது.

சில வேளைகளில் மாமா அனுப்பிய கல்யாணப் பத்திரிகையும் அங்கே போய் விழுந்துவிடும். அதனால் பெரிய நஷ்டம் இல்லை. போல்டரைத் திறந்து பார்த்து, 'இது ஸ்பாம் அல்ல' என்ற இடத்தில் கிளிக் செய்தால் மெயில் இன்பாக்ஸுக்கு வந்துவிடும்.

இதே வேலையை ஒரு கம்ப்யூட்டர் மெயிலுக்குப் பதிலாக உங்களை வைத்துச் செய்தால் என்ன ஆகும்? இன்று கடன் விண்ணப்பம், வேலை விண்ணப்பம், அரசு உதவித் தொகை, போஸ்ட்பெய்டு மொபைல் இணைப்பு எனப் பலவற்றில் முதல் சலிப்பைச் செய்வது புரோகிராம்கள்தான். பல இடங்களில் முதலும் கடைசியுமாக அவையே முடிவெடுக்கின்றன. உங்களை அது தவறாக ஒதுக்கி வைத்துவிட்டால், அந்தப் போல்டரைத் திறந்து பார்க்கப் போவது யார்? கிளிக் செய்ய ஓர் இடம் இருக்கிறதா? டேட்டா பாதுகாப்புச் சட்டங்கள் பதில் சொல்ல முயலும் கேள்விகளில் இதுவும் ஒன்று. ஐரோப்பாவில் நீதிமன்றம் வரை போய் இதற்குப் பதில் வாங்கியிருக்கிறார்கள். அந்த வழக்குகளைத் தெரிந்துகொண்டால் விஷயம் எளிதாகப் புரிந்துவிடும்.

மதிப்பெண் எப்படி வருகிறது?

முடிவெடுக்கும் புரோகிராம்கள் பொதுவாக இரண்டு வகை. முதல் வகையில் விதிகளை மனிதர்களே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். 'மாத வருமானம் இவ்வளவுக்குக் கீழ் என்றால் நிராகரி' என்பது போல. இதில் கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்யும் குமாஸ்தா மட்டுமே. இரண்டாவது வகையில் விதியை யாரும் எழுதுவதில்லை. பழைய விண்ணப்பங்கள் லட்சக்கணக்கில் கொடுக்கப்படுகின்றன. எவரெவர் கடனைத் திருப்பிக் கட்டினார்கள், எவரெவர் கட்டவில்லை என்பதைப் பார்த்து, புரோகிராம் தானே ஒரு கணக்கைக் கண்டுபிடித்துக் கொள்கிறது. அந்தக் கணக்கில் எதற்கு எவ்வளவு எடை என்பது அதைத் தயாரித்தவருக்கே சில வேளைகளில் எளிதில் சொல்ல வராது.

எந்த வகையானாலும் ஒன்றை நினைவில் கொள்ளவும். புரோகிராமுக்கு உங்களைத் தெரியாது. 'உங்களைப் போன்றவர்கள்' முன்பு எப்படி நடந்துகொண்டார்கள் என்பதுதான் அதற்குத் தெரியும். கூட்டத்திற்குப் பொருந்தும் கணக்கை ஒருவர் தலையில் வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள். கோவிட் காரணமாக அங்கு ஏ லெவல் தேர்வு நடக்கவில்லை. (நம் பிளஸ் டூ போல, பல்கலைக்கழகத்தில் சேர உதவும் தேர்வு அது.) மாணவர்களுக்கு என்ன கிரேடு கிடைத்திருக்கும் என்று ஆசிரியர்களைக் கணித்துத் தரச் சொன்னார்கள். ஒவ்வொரு பாடத்திலும் மாணவர்களை வரிசைப்படுத்தியும் தரச் சொன்னார்கள். ஆசிரியர்கள் தாராளமாக மதிப்பிடுவார்கள் என்ற பயம் இருந்ததால், தேர்வுக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆப்குவால் ஒரு கணக்கு முறையை உருவாக்கியது. அந்தப் பள்ளியின் முந்தைய 3 ஆண்டு முடிவுகள், மாணவரின் வரிசை எண் போன்றவற்றை வைத்து அது இறுதி கிரேடைத் தீர்மானித்தது.

ஆகஸ்ட் 13ஆம் தேதி முடிவு வந்தபோது, ஆசிரியர்கள் தந்த கிரேடுகளில் ஏறத்தாழ 39 சதவீதம் குறைக்கப்பட்டிருந்தன. சுமாரான பள்ளியில் படித்த கெட்டிக்கார மாணவியை எண்ணிப் பாருங்கள். அவள் பள்ளியில் முன்பு யாரும் உயர்ந்த கிரேடு வாங்கியதில்லை என்றால், அவளுக்கும் அது கிடைப்பது அரிது. மாறாக, ஒரு பாடத்தில் 5 பேருக்கு மேல் இல்லாத வகுப்புகளில் கணக்கு ஓடவே இல்லை. ஆசிரியர் தந்த கிரேடு அப்படியே நின்றது. இப்படிச் சிறிய வகுப்புகள் யாரிடம் அதிகம் இருக்கும்? கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளிடம்தான். ஏழை வீட்டுப் பிள்ளையைக் குறை என்று யாரும் புரோகிராமில் எழுதவில்லை. ஆனாலும் அடி அங்கேதான் விழுந்தது. மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 4 நாளில், ஆகஸ்ட் 17ஆம் தேதி, கணக்கு கைவிடப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி உண்டு. இது தானியங்கி முடிவே அல்ல என்பது ஆப்குவாலின் நிலை. ஆசிரியர்கள் தகவல் தருகிறார்கள், அதிகாரிகள் முறையைத் தீர்மானிக்கிறார்கள், ஆகவே மனிதர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்ற வாதம். ஏன் இப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறீர்களா? தானியங்கி முடிவு என்று ஒப்புக்கொண்டால் சில கடமைகள் தலையில் ஏறும். அவை என்ன என்று பார்ப்போம்.

சட்டம் சொல்வது என்ன?

கம்ப்யூட்டர் என்பது குளிர் அறையில் வைத்துப் பூட்டிய பெரிய மெஷினாக இருந்த காலத்திலேயே பிரான்ஸ் நாட்டினர் இதைப் பற்றி யோசித்துவிட்டனர். 1978 ஜனவரி 6ஆம் தேதியிட்ட அவர்கள் சட்டத்தில், ஒருவருடைய நடத்தையை மதிப்பிடும் நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் கம்ப்யூட்டர் தயாரித்த விவரச் சித்திரத்தை அடிப்படையாகக் கொண்டு அமையக் கூடாது என்று எழுதினார்கள். கம்ப்யூட்டர் கணக்கில் பயன்பட்ட தகவலையும், அதன் பின்னால் இருந்த காரண முறையையும் அறிந்து மறுக்கும் உரிமையும் அதிலேயே இருந்தது. 1995ல் ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விதியில் இந்தக் கருத்து இடம் பெற்றது. பின்னர் வந்ததுதான் ஜி.டி.பி.ஆர். எனப்படும் பொது டேட்டா பாதுகாப்பு விதிமுறை. ஐரோப்பிய யூனியன் முழுவதும் 2018 மே 25 முதல் இது நடைமுறையில் உள்ளது. வெப்சைட்டுகளைத் திறந்தவுடன் குக்கீஸ் பற்றி அனுமதி கேட்கும் கட்டங்கள் பெருகியதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். ஆனால் அந்தக் கட்டங்களைவிட முக்கியமான பிரிவுகள் இதில் உண்டு.

அவற்றில் ஒன்று 22ஆவது பிரிவு. சட்ட ரீதியாகவோ, அதற்கு இணையான அளவிலோ ஒருவரைப் பாதிக்கும் முடிவு, முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரால் மட்டும் எடுக்கப்படக் கூடாது என்பது அதன் சாரம். மூன்று விதிவிலக்குகள் உண்டு. ஒப்பந்தம் செய்ய அது அவசியமாக இருக்க வேண்டும். அல்லது ஒரு சட்டம் அதை அனுமதிக்க வேண்டும். அல்லது நீங்கள் வெளிப்படையாகச் சம்மதம் தந்திருக்க வேண்டும். ஒப்பந்தம் அல்லது சம்மதம் என்ற காரணத்தில் நடந்தால், ஓர் ஆளைத் தலையிடச் சொல்லவும், உங்கள் தரப்பைச் சொல்லவும், முடிவை எதிர்க்கவும் உரிமை தர வேண்டும். சட்டம் அனுமதித்த இடத்திலும் அந்தச் சட்டமே தகுந்த பாதுகாப்பைச் சொல்லியிருக்க வேண்டும். இதைத்தான் நாம் தேடிய 'இது ஸ்பாம் அல்ல' கிளிக் என்று சொல்லலாம்.

கூடவே 15ஆவது பிரிவு, இப்படிப்பட்ட முடிவின் பின்னால் உள்ள காரண முறை பற்றி அர்த்தமுள்ள தகவல் கேட்கும் உரிமையைத் தருகிறது. கேட்டால் ஒரு மாதத்திற்குள் பதில் வர வேண்டும். சிக்கலான விஷயம் என்றால் காரணம் சொல்லி இன்னும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். இந்த உரிமைகளை மீறினால் அபராதம் 2 கோடி யூரோ வரை, அல்லது உலகளாவிய ஆண்டு விற்பனையில் 4 சதவீதம் வரை, எது அதிகமோ அது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'முழுக்க முழுக்க' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? நழுவ விரும்புகிறவர்களுக்கு அதுவே வழியாகிவிட்டது.

'முடிவு எங்களுடையது அல்ல'

ஜெர்மனியில் ஷூபா என்று ஒரு நிறுவனம் உள்ளது. 1927ல் பெர்லினில் தொடங்கியது. அங்கு மின்சாரம் வழங்கிய கம்பெனி, வீட்டு மின் சாதனங்களைத் தவணையில் விற்றது. யார் கரண்ட் பில்லை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்ற விவரம் கையில் இருந்ததால், யாருக்குத் தவணை கொடுக்கலாம் என்று எளிதாகத் தெரிந்தது. அந்த யோசனையிலிருந்து வளர்ந்த ஷூபாவிடம் இன்று 6 கோடிக்கும் அதிகமானவர்கள் பற்றிய தகவல்கள் உள்ளன. ஒருவர் கடனைத் திருப்பிக் கட்டுவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டு, வங்கிகளுக்கு ஸ்கோராகத் தருகிறது.

ஒரு பெண்மணிக்கு இந்த ஸ்கோர் காரணமாகக் கடன் மறுக்கப்பட்டது. அவர் ஷூபாவிடம், 'என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள்? தவறானதை நீக்குங்கள்' என்று கேட்டார். ஷூபா அவருடைய ஸ்கோரையும், கணக்கு எப்படி நடக்கிறது என்ற பொதுவான விளக்கத்தையும் தந்தது. எந்தத் தகவலுக்கு எவ்வளவு எடை என்பதைச் சொல்ல மறுத்துவிட்டது. அது தொழில் ரகசியமாம். அதோடு, நாங்கள் தகவல் மட்டுமே தருகிறோம், கடன் தருவதா இல்லையா என்று முடிவெடுப்பது வங்கிதான் என்றும் சொல்லிவிட்டது.

வங்கியின் நிலை என்ன? ஸ்கோர் எப்படி வந்தது என்று அதற்குத் தெரியாது. கணக்கு ஷூபாவிடம் இருக்கிறது. ஆக, கணக்கு தெரிந்தவர் முடிவெடுக்கவில்லை. முடிவெடுத்தவருக்குக் கணக்கு தெரியாது. நடுவில் நின்ற பெண்மணிக்குப் பதில் சொல்ல எவரும் இல்லை. அரசு அலுவலகங்களில் 'இந்த கவுன்டர் இல்லை, அந்த கவுன்டர்' என்று அலைந்தவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகவே புரியும்.

அவர் ஹெஸ்ஸே மாநில டேட்டா பாதுகாப்பு ஆணையரிடம் புகார் செய்தார், பலன் இல்லை. வீஸ்பாடன் நகர நிர்வாக நீதிமன்றத்திற்குப் போனார். அந்த நீதிமன்றம், ஸ்கோர் போடுவதே 22ஆவது பிரிவு சொல்லும் முடிவு ஆகுமா என்ற கேள்வியை லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய யூனியன் நீதிமன்றத்திற்கு அனுப்பியது. பதில் 2023 டிசம்பர் 7ஆம் தேதி வந்தது. ஆம், ஆகும். கடன் தருபவர் அந்த ஸ்கோரைப் பெரிதும் சார்ந்து முடிவெடுக்கிறார் என்றால், ஸ்கோர் போட்டதே தானியங்கி முடிவுதான். ஸ்கோர் போதாது என்றால் ஏறத்தாழ எல்லா வேளையும் கடன் மறுக்கப்படுகிறது என்று வீஸ்பாடன் நீதிமன்றம் ஏற்கெனவே குறிப்பிட்டிருந்தது. அப்படியிருக்க, இரண்டு நிறுவனங்களும் வேலையைப் பிரித்துக்கொண்டதாலேயே ஒருவர் தன் பாதுகாப்பை இழந்துவிடக் கூடாது என்று நீதிமன்றம் கருதியது.

இந்த ஒரு தீர்ப்பை நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். ஏனென்றால் சாப்ட்வேர் உலகமே இப்போது இப்படித்தான் இயங்குகிறது. கம்பெனி ஒன்று வேலைக்கு ஆள் எடுக்கிறது; விண்ணப்பங்களைத் தரம் பிரிப்பது வேறொரு கம்பெனியின் புரோகிராம்; அது ஓடுவது மூன்றாவது கம்பெனியின் சர்வரில். ஆளுக்கு ஆள் கை காட்டுவதற்கு எவ்வளவு வசதி!

10 யூரோ மொபைல் இணைப்பு

சரி, பொறுப்பு யாருடையது என்று தெரிந்துவிட்டது. அவர் என்ன சொல்ல வேண்டும்? அடுத்த வழக்கு ஆஸ்திரியாவில் நடந்தது. மொபைல் இணைப்பு கேட்ட ஒருவருக்கு, கடன் தகுதி போதாது என்று மறுத்துவிட்டார்கள். மாதக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? 10 யூரோ. ஒரு வீட்டுக் கடனைக் கட்டும் தகுதி வேண்டாம். மாதம் 10 யூரோ கட்டக்கூட இவருக்குத் தகுதி இல்லை என்று கம்ப்யூட்டர் கணித்திருந்தது. ஸ்கோர் போட்டது டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் ஆஸ்திரியா என்ற நிறுவனம்.

அந்தப் பெண்மணியும் காரணம் கேட்டார். இங்கும் தொழில் ரகசியம் என்ற பதில்தான். ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம் 2025 பிப்ரவரி 27ஆம் தேதி அளித்த தீர்ப்பில் மூன்று விஷயங்களைத் தெளிவாக்கியது. முதலாவது, எந்தத் தகவலை, எந்த முறையில் பயன்படுத்தி இந்த முடிவு வந்தது என்பதைச் சுருக்கமாக, புரியும் மொழியில் சொல்ல வேண்டும். இரண்டாவது, பார்முலாவை அப்படியே பிரிண்ட் எடுத்து நீட்டிவிட்டால் விளக்கம் ஆகாது. கணக்கின் ஒவ்வொரு படியையும் பக்கம் பக்கமாக எழுதித் தந்தாலும் ஆகாது. இந்தத் தகவல் இப்படி இல்லாமல் வேறு மாதிரி இருந்திருந்தால் முடிவு எந்த அளவு மாறியிருக்கும் என்று சொன்னால் அது போதுமான விளக்கமாக அமையலாம். மூன்றாவது, ரகசியம் என்று நினைப்பதை அதிகாரியிடமோ நீதிமன்றத்திடமோ கொடுத்துவிட வேண்டும். எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்று அவர்கள் எடை போடுவார்கள். மறைக்கும் கம்பெனியே நீதிபதியாக இருக்க முடியாது.

எக்ஸெல் பயன்படுத்திப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது விஷயம் சட்டென்று பிடிபடும். ஒரு செல்லில் நீளமான பார்முலா இருக்கிறது. அதைப் படித்தால் தலை சுற்றும். ஆனால் இன்னொரு செல்லில் உள்ள எண்ணை மாற்றி, விடை எப்படி மாறுகிறது என்று பார்த்தால் பார்முலா என்ன செய்கிறது என்று புரிந்துவிடும். நீதிமன்றம் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

ஆள் ஒருவர் இருந்தால் போதுமா?

'முடிவை எங்கள் ஊழியர் ஒருவர் பார்க்கிறார்' என்று சொல்லிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அந்த ஊழியர் என்ன பார்க்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்புக்கு அரசு உதவித் தொகை தருகிறது. மோசடியாக வாங்குகிறவர்களைக் கண்டுபிடிக்க வரித்துறை ஒரு புரோகிராமைப் பயன்படுத்தியது. விண்ணப்பதாரர் அந்நாட்டுக் குடிமகனா இல்லையா என்பதும் ஆபத்து அளவைக் கூட்டும் ஒரு தகவலாக அதில் சேர்க்கப்பட்டிருந்தது. ஆபத்து என்று புரோகிராம் காட்டியவற்றை ஊழியர்கள் பரிசீலித்தார்கள்தான். ஆனால் அது ஏன் அப்படிக் காட்டியது என்ற விவரம் அவர்களுக்குத் தரப்படவில்லை. காரணம் தெரியாத ஆள் எதைச் சரிபார்ப்பார்? படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதற்கெல்லாம், பல ஆண்டு வாங்கிய தொகையை மொத்தமாகத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பல ஆயிரம் யூரோ கடனில் விழுந்தன. வேலை போனவர்கள், வீட்டை இழந்தவர்கள் உண்டு.

இந்த விவகாரத்தில் 2021 ஜனவரி 15ஆம் தேதி மார்க் ரூட்டேயின் அமைச்சரவையே ராஜினாமா செய்தது. அந்நாட்டு டேட்டா பாதுகாப்பு ஆணையம், குடியுரிமைத் தகவலைப் பாரபட்சமாகப் பயன்படுத்தியது உள்ளிட்ட தவறுகளுக்காக, அதே ஆண்டு டிசம்பரில் வரித்துறைக்கு 27.5 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. ஒரு அரசுத் துறைக்கு இன்னொரு அரசு அமைப்பு அபராதம் போட்டது என்பதை நம் ஊரில் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்க வேண்டியிருக்கும்.

அதே நெதர்லாந்தில் டாக்ஸி டிரைவர்கள் தொடர்ந்த வழக்குகளும் உண்டு. மோசடி என்று சொல்லி ஊபர் நிறுவனம் சில டிரைவர்களின் கணக்கை முடக்கியது. ஊழியர்கள் பார்த்துத்தான் முடிவு செய்தோம் என்றது. ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஏப்ரலில், அந்த ஊழியர்களின் பங்கு பெயரளவுக்கு மேல் பெரிதாக இல்லை என்று முடிவு செய்தது. நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ஓலா நிறுவனமும் இந்தப் பட்டியலில் உண்டு. அப்போது அது லண்டனிலும் டாக்ஸி சேவை நடத்தியது. டிரைவர்களின் வருமானத்தில் கம்ப்யூட்டரே பிடித்தம் செய்தது தானியங்கி முடிவுதான். அதன் காரணத்தை விளக்க வேண்டும் என்று ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் 2021 மார்ச்சில் கூறியது. பெங்களூரு கம்பெனியின் புரோகிராம் லண்டன் டிரைவருக்குப் பதில் சொல்ல வேண்டும்; பெங்களூரு டிரைவருக்கு?

நம் நாட்டில்

இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும் என்று விதிகள் கூறின. இந்தச் சட்டத்தில் ஐரோப்பாவின் 22ஆவது பிரிவு போன்ற ஒன்று இல்லை. முடிவை ஓர் ஆள் பார்க்க வேண்டும் என்று கேட்கவோ, காரண முறையை விளக்கச் சொல்லவோ தனி உரிமை எழுதப்படவில்லை. மறந்து விட்டுவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 2018ல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழு இதைப் பரிசீலித்து, தனி உரிமை தேவையில்லை, நிறுவனங்களைத் தணிக்கை செய்வது போன்ற வழிகளில் பார்த்துக்கொள்ளலாம் என்ற கருத்தை எடுத்தது. எனக்கு இது போதும் என்று தோன்றவில்லை. தணிக்கை என்பது ஆண்டு முடிவில் வரும். கடன் மறுக்கப்பட்டவருக்கு விடை இன்றே வேண்டும்.

ஆனாலும் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருக்கிறது. சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி, ஒருவரைப் பாதிக்கும் முடிவெடுக்க அவருடைய தகவல் பயன்படுமானால், அது முழுமையாகவும் சரியாகவும் முரண் இல்லாமலும் இருப்பதை அதை வைத்திருக்கும் நிறுவனம் உறுதி செய்ய வேண்டும். உங்கள் தகவலைக் கேட்டுப் பெறவும், திருத்தவும், புகார் செய்யவும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. பெரிய நிறுவனங்களாக அரசு அறிவிப்பவை, தாங்கள் பயன்படுத்தும் அல்காரிதம் மக்கள் உரிமைக்கு ஆபத்தாக அமையாதா என்று சரிபார்க்க வேண்டும் என விதிகள் சொல்கின்றன. அதாவது, கணக்கை நீங்கள் கேள்வி கேட்க முடியாது. கணக்குக்குள் போகும் எண்ணைக் கேள்வி கேட்கலாம். இலங்கை 2022ல் நிறைவேற்றிய 9ஆம் எண் சட்டம் இந்த ஒரு விஷயத்தில் நம்மைவிட ஒரு படி மேலே போய், தானியங்கி முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் உரிமையை ஒரு பிரிவாகவே எழுதியது.

கணக்குக்குள் போகும் எண்ணைச் சரிபார்ப்பதற்கு, கடன் விஷயத்தில் மட்டும் இந்தியாவில் நல்ல ஏற்பாடு உள்ளது. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபேக்ஸ், கிரிப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் நம் கடன் வரலாற்றை வைத்துள்ளன. ஸ்கோர் 300 முதல் 900 வரை. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி இவை ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கிலும் கேட்டால் ஆண்டுக்கு நான்கு அறிக்கை கிடைக்கும். மூன்று மாதத்திற்கு ஒன்றாக வாங்கிப் பார்ப்பது நல்ல யோசனை. நீங்களே உங்கள் அறிக்கையைப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

பிரவுசரைத் திறந்து அந்த நிறுவனத்தின் வெப்சைட் முகவரியை நீங்களே டைப் செய்து போகவும். 'இலவச ஸ்கோர்' என்று மெயிலிலும் எஸ்.எம்.எஸ்.சிலும் வரும் லிங்க்குகளைக் கிளிக் செய்ய வேண்டாம். இலவசம் என்று ஆரம்பித்து, கடன் வேண்டுமா என்று தினமும் போன் செய்பவர்களிடம் உங்கள் எண் போய்விடும். நிறுவனத் தளத்திலும் கட்டணத் திட்டங்கள்தான் பெரிய எழுத்தில் இருக்கும்; ஆண்டுக்கு ஒரு முறை இலவச அறிக்கை என்ற இடம் ஓரத்தில் சிறியதாக இருக்கும். பொறுமையாகத் தேடவும். பான் எண்ணும், போனுக்கு வரும் ஓ.டி.பி.யும் தேவைப்படும். அந்த ஓ.டி.பி.யை வேறு யாருக்கும் சொல்லக் கூடாது.

அறிக்கை வந்ததும் பலர் ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். உள்ளே உள்ள பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். முதலில் உங்கள் பெயர். நம் பெயர்களில் இனிஷியல் முன்னால் ஓரிடத்தில், பின்னால் ஓரிடத்தில், அப்பா பெயர் முழுதாக இன்னோரிடத்தில் என்று இருக்கும். இதனால் உங்கள் கணக்கு உங்கள் பெயரில் சேராமல் போகவும், வேறொரு முருகேசனின் கடன் உங்கள் பெயரில் சேரவும் வாய்ப்பு உண்டு. அடுத்து, நீங்கள் வாங்காத கடன் எதுவும் இருக்கிறதா? கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவையில் உள்ளதாகக் காட்டுகிறதா? முடிந்த கடன் 'குளோஸ்டு' என்று இருக்க வேண்டும். 'செட்டில்டு' என்று இருந்தால், முழுத் தொகையும் கட்டாமல் பேசி முடித்தது என்று பொருள். அது ஸ்கோரைப் பாதிக்கும். முழுதாகக் கட்டியவருக்கு இந்தச் சொல் வந்திருந்தால் கண்டிப்பாகத் திருத்தச் சொல்லவும்.

திருத்தம் கேட்கும் படிவம் அதே வெப்சைட்டில் இருக்கும். கடன் முடிந்ததற்கு வங்கி தந்த கடிதத்தை ஸ்கேன் செய்து இணைக்கலாம். ஸ்கேனர் இல்லை என்றால் போனில் தெளிவாகப் படம் எடுத்தாலும் போதும். புகார் எண்ணையும் தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளவும். 30 நாளில் தீர்வு வரவில்லை என்றால், 2024 ஏப்ரல் 26 முதல் அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி ஏற்பாட்டின்படி, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து போன்ற நாடுகளில் உறவினர்கள் இருந்தால், அவர்கள் கடிதத்தில் இன்னும் அதிகம் கேட்கலாம். இந்த முடிவைக் கம்ப்யூட்டர் மட்டும் எடுத்ததா? என்னைப் பற்றிய எந்தத் தகவலைப் பயன்படுத்தினீர்கள், அது எங்கிருந்து வந்தது? எது மாறியிருந்தால் முடிவு மாறியிருக்கும்? இதை ஓர் ஆள் மீண்டும் பார்க்க வேண்டும். என் விளக்கம் இது. இவ்வளவுதான், அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். ஒரு மாதம் காத்திருந்து, பதில் இல்லை என்றால் அந்நாட்டு டேட்டா பாதுகாப்பு ஆணையத்திற்கு அதே கடிதத்தின் நகலை அனுப்பலாம். புகாருக்குக் கட்டணம் இல்லை.

எந்த நாட்டில் இருந்தாலும், 'உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை' என்று வரும் மெயிலைக் கோபத்தில் டெலீட் செய்துவிடாதீர்கள். எந்தத் தேதியில், யார் மறுத்தார்கள் என்பதற்கு அதுதான் சான்று. தனியாக ஒரு போல்டர் உருவாக்கி அதில் போட்டு வைத்து, ஒரு பிரிண்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.